கோழி பிடிக்கிற லவினியா

தென் அட்லாண்டிக் கடலின் நடுவே தனியாகக் கிடக்கும் டிரிஸ்டன் தீவில் அப்போது மொத்தமே எண்பது பேர்தான். அந்த எண்பது பேரிலும் லவினியா என்ற பெயரில் இரண்டு பேர். ஒருத்தி தையல்கார லவினியா. இன்னொருத்தி கோழி பிடிக்கிற லவினியா. இது இரண்டாமவளின் கதை.

கோழி என்றால் முற்றத்தில் மேய்கிற கோழி இல்லை, தீவுக்கோழி. மலைச்சரிவில் ஆள் உயரம் வளர்ந்த பெரணிப் புதருக்குள் இருந்த கறுத்த பறவை. வாலுக்கு அடியில் வெள்ளை, நெற்றியில் குங்குமத்தை அப்பினது போலச் சிவப்பு. இறக்கை உண்டு, ஆனால் பறக்காது. ஓடும்போது சாய்ந்துவிடாமல் இருக்க அதை இரண்டு பக்கமும் விரித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பறக்காத கோழியைப் பிடிப்பது சுலபம் என்று புதிதாக வந்த கப்பல்காரர்கள் நினைப்பார்கள். அரை நாள் புதருக்குள் உருண்டு, முகமெல்லாம் கீறலோடு வெறுங்கையாக இறங்கி வருவார்கள்.

லவினியா புதருக்குள் போகமாட்டாள். வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, தொண்டையின் அடியிலிருந்து 'க்ளெக், க்ளெக்' என்று ஒரு சத்தம் கொடுப்பாள். தன் இடத்துக்குள் வேறொரு கோழி வந்துவிட்டது என்று நினைத்து உள்ளேயிருந்து ஒன்று கோபமாகப் பதில் சொல்லும். மறுபடி கொடுப்பாள். அது சண்டைக்கு வரும். வந்ததும் நாய் பாயும். பன்னிரண்டு வயதிலேயே அவளுக்கு இது கைவந்துவிட்டது. அவள் தகப்பனார் மகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் இதுதான்.

அம்ப்ரோஸ் அவளைப் பெண் கேட்டு வந்ததும் கோழியோடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்த கையோடு, கம்பளி நூலில் காலைக் கட்டிய இரண்டு உயிர்க்கோழிகளோடு வாசலில் வந்து நின்றான். சின்ன வயதிலிருந்து ஒரே கடற்கரையில் விளையாடியவர்கள். அதனால் வெட்கம் இல்லை.

"இது நான் நேத்து வேண்டாம்னு விட்டுட்டு வந்த கோழி. போயும் போயும் உன்கிட்ட மாட்டியிருக்கு, பாவம்" என்றாள் லவினியா.

"பிடிக்கத் தெரியாமலா ரெண்டு கொண்டாந்திருக்கேன்?"

"உன் நாய்க்குத் தெரியும். அதைக் கட்டிக்கட்டுமா?"

"டிங்கர் வேணும்னா நானும் கூடத்தான் வருவேன். தனியாத் தரமாட்டேன்."

உள்ளே அவள் தாயார் சிரித்தது வெளியே கேட்டது. கலியாணம் அந்த ஜனவரியில், கிழங்கு தோண்டி முடிந்ததும் நடந்தது. இரண்டு ஆடு, முப்பது தீவுக்கோழி. அத்தனைக்கும் இறகு பிடுங்கியவள் அம்ப்ரோஸின் அக்கா ஹெப்ஸி. "முப்பதா? இவ ஒல்லிக் கழுத்துல மூணு கோழிகூட இறங்காது. யாருக்குடி இவ்வளவு?" என்று புலம்பிக்கொண்டே பிடுங்கினாள். மிச்சம் ஒரு துண்டு இல்லை. அடுத்த வாரம் யாரோ மலையேறி இன்னும் பத்து கொண்டுவந்தார்கள். மலையில் மழை இருப்பது போலக் கோழியும் இருந்தது. யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

லவினியாவுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தன. கல்லால் கட்டி ஆளிப்புல் வேய்ந்த வீடு. தரை மட்டும் மண். மழைக்காலத்தில் அடுப்பைச் சுற்றிச் சேறாகிவிடும். குழந்தைகள் சேற்றிலேயே தவழ்ந்து இருமின. அந்தத் தீவில் வளைந்து நெளிந்த குட்டை மரங்கள்தான் உண்டு. பலகை என்றால் கடல் கொண்டுவந்து போட்டால்தான்.

கடல் ஒருநாள் கொண்டுவந்து போட்டது. மரம் ஏற்றிவந்த ஒரு கப்பல் ஓட்டையாகி, மேற்குக் கரையில் தானாக மோதி ஒதுங்கியது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். கப்பல் சமையற்காரன் கரையில் கால் வைத்ததும் சொன்ன முதல் பேச்சு இது: "உள்ள எலி ரொம்ப இருக்கு. எனக்கு வேண்டிய நாலு சட்டியை எடுத்துக்கறேன். மிச்சத்தை இருக்கிற இடத்துலயே எரிச்சுடுங்க."

தீவில் அதுவரை எலி கிடையாது. பெரும்பாலோர் எலியைப் பார்த்ததே இல்லை. பார்த்தவள் ஹெப்ஸி. கலியாணத்துக்கு முன்னால் கேப் டவுனில் ஒரு வீட்டில் இரண்டு வருஷம் வேலை செய்திருந்தாள்.

கடற்கரையில் எல்லோரும் கூடி நின்று பேசினார்கள். ஹெப்ஸி சொன்னாள்: "எரிச்சுடலாம். அது ஒண்ணு வந்தா நூறு வரும். தூங்கற குழந்தை காதைக் கடிக்கும். நான் கண்ணால பார்த்தவ சொல்றேன்."

லவினியா கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அதற்கு இருமல் நிற்கவில்லை.

"மதினி, இத்தனை பலகை இனி எந்தக் காலத்துல வரும்? ஆறு வருஷமா சேத்துல படுத்துக்கிடக்கோம். ஆண்டவர் வாசல்ல கொண்டாந்து போட்டிருக்கார். அதைக் கொளுத்தவா? எலிக்குத்தான் வீட்டுக்கு ரெண்டு பூனை இருக்கே."

"பூனை! உன் பூனை எலியைப் பார்த்தா உன் பாவாடைக்குள்ள ஒளியும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தலையாட்டியது லவினியாவின் பேச்சுக்குத்தான். அவரவர் வீட்டுத் தரையை நினைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் எருது வண்டிகளில் பலகை போய்க்கொண்டே இருந்தது. அம்ப்ரோஸ் வீட்டில் முதலில் தரை போட்டார்கள். லவினியா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். குழந்தையின் இருமல் அந்தக் குளிர்காலத்தில் நின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எலியின் சத்தம் முதலில் கேட்டதும் அந்தத் தரைக்கு அடியில்தான்.

இரண்டு வருஷத்தில் கோதுமை போடுவதை நிறுத்திவிட்டார்கள். கதிர் முற்றுவதற்குள் தின்று தீர்த்துவிடும். வாத்துக் குஞ்சுகள் போயின. பூனைகள் ஊருக்குள் எலி பிடித்துக் கொழுத்து, பிறகு ஒவ்வொன்றாக மலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன. மேலே அவற்றுக்கு எலியைவிடச் சுலபமான இரை இருந்தது.

லவினியா பெரணிக்குள் கூடுகளைப் பார்க்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் பார்க்கமாட்டாள், தேவைப்படவில்லை. இப்போது முட்டை ஓடு கிடந்தது, ஓரம் பொடிப்பொடியாகக் கடிபட்டு. முதலில் கடற்பறவை கொத்தியது என்று நினைத்தாள். அது ஓட்டையைப் பெரிதாகப் போடும், இப்படி அரிக்காது.

"இன்னிக்கு எத்தனை?" என்று அம்ப்ரோஸ் கேட்டான்.

"மூணு."

"மூணா? பத்துக்குக் குறைஞ்சு இறங்கமாட்டியே. தொண்டை கட்டிக்கிச்சா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. கூப்பிட்டா பதில் வரல."

"அந்தப் பக்கம் ஏறிப் பாரேன்."

"அந்தப் பக்கமும்தான் ஏறினேன்."

கிழங்கும் மீனும் இருந்தன. கோழி இல்லாவிட்டால் யாரும் சாகப் போவதில்லை.

அந்த நவம்பரில் ஒரு கப்பல் அடிவானத்தில் தெரிந்தது. எலியாலும் மழையாலும் கெட்ட வருஷம். மாவும் தேயிலையும் யார் வீட்டிலும் இல்லை. அலை மோசமாக இருந்தாலும் ஊர் ஆண்களில் பெரும்பாலோர் பெரிய படகைத் தள்ளி ஏறினார்கள். அம்ப்ரோஸ் போனான். ஹெப்ஸியின் புருஷன் போனான். ஆறு ஜோடிக் கம்பளிக் காலுறையை மாற்றிக்கொள்ளக் கொடுத்து, "ஊசி வாங்க மறந்துடாதே" என்றாள் லவினியா. படகு முனையைத் தாண்டி மறைந்தது. கப்பல் நிற்பதும் பாய் திரும்புவதும் கரையிலிருந்து தெரிந்தது. பிறகு கப்பல் போய்விட்டது. படகு வரவில்லை.

கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கும், அடுத்த கப்பலில் திரும்பி வருவார்கள் என்று ஒரு வருஷம் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பேசவில்லை. ஊரில் வேலை செய்யக்கூடிய ஆண்கள் நாலைந்து பேர்தான் மிச்சம். பெண்கள் ஏர் பிடித்தார்கள், மீன் பிடித்தார்கள், பிள்ளைகளை எருது மேய்க்க அனுப்பினார்கள். குளிர்காலத்தில் கிழங்குக் குழியைத் திறந்தபோது மேல் வரிசை மட்டும் கிழங்காக இருந்தது. அடியில் எலி தின்று விட்டுப்போன தோல்.

ஹெப்ஸிதான் கிளம்பச் சொன்னாள். "கிழக்குக் கரைப் பக்கம் யாரும் போய் ரெண்டு வருஷமாச்சு. அங்க இருக்கும். நாயை அவிழ்த்துக்கிட்டு வா."

டிங்கர் செத்து வெகுகாலம். அதன் பேத்தி ஸ்மட்டி என்ற பெட்டை நாய் இப்போது லவினியாவிடம் இருந்தது. மூவரும் மலை விளிம்பைச் சுற்றிக்கொண்டு கிழக்குச் சரிவுக்குப் போனார்கள். பெரணி அங்கே அடர்த்தியாக, பனி சொட்டிக்கொண்டு நின்றது. லவினியா ஒரு கல்லில் உட்கார்ந்து சத்தம் கொடுத்தாள்.

உடனே பதில் வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கீழே பள்ளத்திலிருந்து வேறொன்று. இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காலைப் பொழுதுக்குள் ஏழு கிடைத்தன. ஸ்மட்டி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து படுத்தது. பள்ளத்தில் இன்னும் இரண்டு குரல், ஒன்று மாற்றி ஒன்று. ஒன்று கொஞ்சம் தடித்தது, ஒன்று மெல்லியது. லவினியா வாயை மூடிக்கொண்டாள்.

"கூப்பிடு" என்றாள் ஹெப்ஸி.

"போதும் மதினி. அது ஜோடி."

"ஜோடியா?"

"ஆமா. இருந்துட்டுப் போகட்டும். நாலு குஞ்சு பொரிக்கும்."

ஹெப்ஸி கையிலிருந்த கோழிகளைக் கீழே வைத்தாள். "உனக்கு நாலு பிள்ளை. எனக்கு மூணு. கீழ பதிமூணு வீட்ல அடுப்பு அணைஞ்சு கிடக்கு. அதுக்கு ஜோடி இருந்தா எனக்கென்ன? நம்ம ஜோடி எங்கடி போச்சு?"

லவினியா பள்ளத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு கூப்பிட்டாள். முதலில் சேவல் வந்தது. பெட்டை வருவதற்குக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சேவலைத் தேடிக்கொண்டு அதுவே வந்தது.

ஒன்பது கோழியும் பதிமூன்று வீட்டுக்குப் பங்காயிற்று. ஆளுக்கு அரைக் கிண்ணம் சாறு. அதைப் பற்றி லவினியா பின்னால் வருத்தப்பட்டதாகவும் இல்லை, நியாயம் சொன்னதாகவும் இல்லை. கேட்டால், "கூப்பிட்டது நான்தான்" என்பாள்.

அதற்கு அடுத்த கோடையில் இன்னொன்று. லவினியா வீட்டுக்குப் பின்னால் கிழங்கு வரிசைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிடவும் இல்லை, ஏவவும் இல்லை. ஸ்மட்டி எங்கிருந்தோ ஒரு பெட்டைக்கோழியை வாயில் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போட்டது. கழுத்து ஒடிந்து இன்னும் சூடாக இருந்தது. எலும்பும் தோலுமான கோழி, வயிற்றில் முட்டை இல்லை. இது எப்படி ஊர்ப்பக்கம் இறங்கி வந்தது என்று யோசித்தாள். ஹெப்ஸியின் மூன்றாவது பெண்ணுக்கு அப்போது காய்ச்சல். வேகவைத்துச் சாறெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "உப்பு ஜாஸ்தி, அத்தை" என்றது அந்தப் பெண். அதுதான் கடைசிக்கோழி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் உப்பு குறைந்திருக்காது.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு கப்பலில் டாக்டர் ஒருவர் வந்தார். செந்தாடி, கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு. கரையில் இறங்கி ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். தெளிந்ததும் கேட்ட கேள்வி தீவுக்கோழியைப் பற்றித்தான். ஒரு கோழிக்கு இரண்டு மூட்டை மாவு, உயிரோடு ஒரு ஜோடி கிடைத்தால் படகுக்குப் போர்த்தப் புதுக் கான்வாஸ் துணி தருவதாகச் சொன்னார்.

"ஏராளமா இருக்கு டாக்டர் ஐயா! மலையில ஏறினா காலை இடறும்" என்றார் ஒருவர். அவர் மலையேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. இன்னொருவர் போன வாரம்தான் சத்தம் கேட்டதாகச் சொன்னார். டாக்டர் எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கூட்டிப்போக லவினியாவைக் கைகாட்டினார்கள்.

கிளம்பும் முன் ஹெப்ஸி அவளை வீட்டுப் பக்கம் இழுத்தாள். "ரெண்டு நாள் நல்லா சுத்திக் காட்டு. அவசரப்பட்டு இல்லேன்னு சொல்லிடாதே."

"இல்லாததை எப்படி மதினி காட்றது?"

"காட்ட வேணாம்டி. இருக்கும்னு சொன்னா போதும். இருக்குன்னு நம்பினான்னா அடுத்த வருஷமும் கப்பலைக் கூட்டிக்கிட்டு வருவான். போன வருஷம் எத்தனை கப்பல் வந்துச்சு? ஒண்ணு. அதுவும் நிக்கல."

லவினியா தலைக்குத் துணியைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் நல்ல மனுஷன். மூச்சிரைத்தாலும் நின்று நின்று ஏறினார். மேலே போனதும் காதருகே கையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தார். லவினியா சத்தம் கொடுத்தாள். ஒன்பது வருஷமாகக் கொடுக்காத சத்தம். முதலில் தொண்டை கரகரத்தது, பிறகு சரியாக வந்தது. காற்று பெரணியை அசைத்தது. ஒரு சின்னக் குருவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"பதில் வந்துச்சா?"

"இல்லீங்க."

அடுத்த பள்ளம். அதற்கடுத்தது. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கூச்சமாகவும் இருந்தது. மத்தியானத்துக்குள் குரல் கம்மிவிட்டது.

டாக்டர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, வர்ணம் தீட்டிய படம் ஒன்றைக் காட்டினார். "இதுதானே?"

லவினியா வெகுநேரம் பார்த்தாள். "இதுதான். ஆனா காலு தப்பு. இப்படிப் பச்சையா இருக்காது. மஞ்சள்ல கொஞ்சம் பச்சை கலந்தாப்ல, முட்டிக்கு மேல செவப்பு. செத்து ரெண்டு நாளானாத்தான் நிறம் இப்படி மாறும். வரைஞ்சவர் செத்ததைப் பார்த்து வரைஞ்சிருக்காரு."

டாக்டர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க? உண்மையைச் சொல்லுங்கம்மா."

அவளுக்கு ஹெப்ஸியின் முகம் நினைவுக்கு வந்தது. மாவு மூட்டையும் நினைவுக்கு வந்தது. ஆனால் இன்னொரு பள்ளத்தில் போய் உட்கார்ந்து இந்தச் சத்தத்தைக் கொடுக்க அவளால் ஆகவில்லை.

"இல்லீங்க டாக்டர் ஐயா. ஒண்ணுகூட இல்ல. ஒம்பது வருஷத்துக்கு முன்னால என் நாய் ஒண்ணைப் பிடிச்சுது. அதுக்கப்புறம் யாரும் பார்க்கல. கீழ சொன்னவங்க மாவுக்காகச் சொன்னாங்க, தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் கோபப்படவில்லை. "அந்தக் கோழியை என்ன பண்ணீங்க?"

"சாறு வெச்சோம். குழந்தைக்குக் காய்ச்சல்."

"எலும்பு?"

"எலும்பா? நாய் கொஞ்சம் தின்னுச்சு. மிச்சத்தைக் குப்பையில போட்டிருப்பேன்."

டாக்டர் சட்டென்று எழுந்துவிட்டார். "குப்பையைக் காட்டுங்க."

அன்று பிற்பகல் முழுதும் லவினியா வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டை இருவரும் கிளறினார்கள். ஊரே வந்து வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தது. பல வருஷத்துக் கிழங்குத்தோல், சாம்பல், மீன்முள். அதற்கு அடியில் பழைய எலும்புகள் கிடைத்தன. கலியாணக் காலத்துக் கோழிகளாகக்கூட இருக்கலாம். டாக்டர் ஒரு நெஞ்செலும்பைக் கையில் வைத்து, அதன் நடுவரம்பு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது பாருங்கள், அதனால்தான் பறக்க முடியவில்லை என்று விளக்கினார். பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஒரு மூட்டை மாவை லவினியா வீட்டில் இறக்கச் சொன்னார்.

எலும்புக்கு மாவு என்று தெரிந்ததும் தீவில் ஒரு குப்பைமேடு மிச்சமில்லை. ஆட்டெலும்பு வந்தது, வாத்தெலும்பு வந்தது. ஹெப்ஸி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து இறக்கினாள்.

"இதெல்லாம் பெங்குவின் ஆச்சே அம்மா" என்றார் டாக்டர்.

"அதுவும் பறக்காதே ஐயா" என்றாள் ஹெப்ஸி.

அவர் சிரித்துவிட்டு அரை மூட்டை கொடுத்தார். இருந்தாலும் ஹெப்ஸி அதற்குப் பிறகு ஒரு மாதம் லவினியாவோடு பேசவில்லை. கப்பலும் மறுவருஷம் வரவில்லை. அந்த மாதம் கழிந்து பேச்சு தொடங்கியபோது முதல் வார்த்தை, "உன் வாய்க்கு ஒரு கான்வாஸ் போச்சு" என்பதுதான். பதிலுக்கு லவினியா கிழங்குக்கூடையின் ஒரு பிடியை அவள் பக்கம் நீட்டினாள். இருவரும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆறு வருஷம் கழித்துத் தபால்பையில் அச்சடித்த தாள் ஒன்று வந்தது. டாக்டர் அனுப்பியது. அப்போது தீவிலிருந்த பாதிரியார் வாசித்துக் காட்டினார். தீவுக்கோழி இனி இல்லை என்றும், அதன் கால் நிறம் இதுவரை தவறாக எழுதப்பட்டது என்றும், இது 'தீவுவாசியான ஒரு பெண்' சொன்ன தகவல் என்றும் இருந்தது.

"உன் பேரைக் காணோமே!" என்று ஹெப்ஸிக்குக் கோபம் வந்தது. "குப்பையை நோண்டினானே, பேரைக் கேட்க வாயில்லையா?"

"கேட்டாரு. எழுத மறந்திருப்பாரு. கால் நிறம் சரியா போட்டிருக்காரில்ல?"

அந்தத் தாளை லவினியா மற்ற பழைய பத்திரிகைத் தாள்களோடு சேர்த்துக் குளிர்காற்று வராமல் உள்சுவரில் ஒட்டினாள். அடுத்த முறை வந்த பாதிரியார் அது தலைகீழாக இருப்பதாகச் சொன்னார். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்து, காற்று வரவில்லை என்றாள்.

அதற்குள் ஊர் பாதியாகக் குறைந்துவிட்டது. வந்த கப்பலில் ஏறி ஒவ்வொரு குடும்பமாகக் கேப் டவுனுக்குப் போயிற்று. ஹெப்ஸி மகள்களோடு போனாள். ஏறும்போது, "நீயும் வாடி, இங்க என்ன இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். லவினியா, விதைக்கிழங்கு போட்டாகிவிட்டது, அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்றாள். அடுத்த கப்பலிலும் போகவில்லை. கடைசி மகள் மட்டும் அவளோடு இருந்தாள்.

எலிகளுக்குப் பெட்டிப் பொறி செய்யப் பழகிக்கொண்டாள். மழை இல்லாத நாட்களில் கிழங்குத் தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் நடந்து போய் வருவாள். ஒரு ஆகஸ்ட் மாதம், நடவுக்கு விதைக்கிழங்கைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தாள். அறுபத்துமூன்று வயது. கூடையில் பாதி பிரித்திருந்தாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காற்று ஓய்ந்ததும், மகள் மீதியைப் பிரித்துக்கொண்டுபோய் நட்டாள்.